பீங்கானைக் கம்பியாக்கும் வேலை

மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் உயர்வெப்ப மீக்கடத்திகள் பீங்கான் இனத்தைச் சேர்ந்தவை. 1986இல் இயற்பியலாளர்கள் பெட்நோர்சும் முல்லரும் தொடங்கிவைத்த தேடல், மறு ஆண்டே 92 கெல்வின் அளவில் மீக்கடத்தும் யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடைத் தந்தது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும். ஆனால் மோட்டாருக்கும் கேபிளுக்கும் கம்பி வேண்டும். பீங்கானை வளைத்தால் ஒடிந்துவிடும்.

முதல் தீர்வு வெள்ளி. பிஸ்மத் வகை மீக்கடத்திப் பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து, அச்சுத் துளைகளில் இழுத்து, பட்டையாக உருட்டி, 830 முதல் 840 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடுகிறார்கள். செம்புக் குழாய் பொடியிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். வெள்ளி பொடியோடு வினைபுரியாது, ஆக்சிஜனையும் ஊடுருவ விடும். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுத் தொழிலுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பது பழகிய வேலை. ஆனால் அங்கே இழுபடுவது வெள்ளி மட்டுமே. இங்கே உள்ளிருக்கும் பொடியும் சேர்ந்து நீள வேண்டும். இரண்டின் கடினமும் ஒத்துப்போகாவிட்டால் கரு சில இடங்களில் வீங்கி, சில இடங்களில் மெலிந்துவிடும். மெலிந்த இடம் மின்னோட்டத்தைத் தடுக்கும்.

யிட்ரியம் வகையைக் கொண்ட இரண்டாம் தலைமுறைப் பட்டையில் வெள்ளி மெல்லிய மேற்பூச்சு மட்டுமே. படிகத் துகள்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரிக்கு மேல் கோணம் மாறி நின்றால் எல்லையைத் தாண்டும் மின்னோட்டம் சரிந்துவிடுகிறது. இதை 1988இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். எனவே நிக்கல் கலப்புலோகப் பட்டையின் மேல் அயனிக் கற்றையின் துணையோடு சுமார் 10 நானோமீட்டர் மக்னீசியாவை ஒரே திசையில் படிய வைத்து, அதே திசையைப் பின்பற்றி மேலடுக்குகள் வளரச் செய்கிறார்கள்.

மக்னீசியா சேலத்துக்குப் புதிதன்று. நகருக்கு வடக்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சுடும்போது எடையில் பாதியைக் கார்பன் டை ஆக்சைடாக இழந்து மக்னீசியாவாகிறது. உலைச் செங்கலுக்கு அது பொருந்தும். ஆனால் அந்தக் கல்லோடு வரும் சிலிக்கா மீக்கடத்திக்குப் பகை. பேரியத்தோடு எளிதில் வினைபுரியும். சேலத்துக் கல் மீக்கடத்திக்கு மூலப்பொருள் என்று பெருமை பேசுவதில் பயனில்லை. சுத்திகரிப்பில் முன்னேறினால் மட்டுமே அந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

செங்கல் சூளையில் சூடேற்றுவதே பெரிய வேலை. மீக்கடத்தியைச் சுடும்போது ஆறவிடுவதுதான் பெரிய வேலை. அதிக வெப்பத்தில் யிட்ரியம் வகை ஆக்சிஜனை இழந்து நாற்கோண அமைப்பில் இருக்கும். அப்படியே குளிர்ந்தால் மீக்கடத்தாது. ஆக்சிஜன் ஓட்டத்தில் 400 முதல் 500 டிகிரி வரை நிறுத்தி வைத்தால்தான் ஆக்சிஜன் மெல்ல உள்ளே ஏறும். அடர்ந்த கட்டிகளுக்கு இது நாள்கணக்கில் நீளும். அவசரப்பட்டால் வெடிப்பு விழும்.

ஆய்வறிக்கைகள் இன்னும் மாறுநிலை வெப்பநிலையையே தலைப்பில் போடுகின்றன. பயன்படுத்துபவருக்கு வேண்டியது சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் என்ற அளவுகோலில் கிடைத்த மாறுநிலை மின்னோட்டமும், அது எத்தனை மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் நின்றது என்பதும்தான். சிறு துண்டின் சிறந்த அளவீட்டோடு முழு நீளத்தின் மிகக் குறைந்த அளவீட்டையும் கட்டுரையாளர்கள் தர வேண்டும்.