கடற்பூஞ்சணமும் புற்றுநோய் மருந்தும்

அரக்கோணம் முதல் ஆம்பூர் வரை தோல் தொழில் செய்வோருக்குப் பூஞ்சணம் ஜன்மப் பகை. ஈரத்தோலில் அது படர்ந்துவிட்டால் சரக்கு கெட்டது, முதல் போயிற்று. எனினும் அவ்வினத்தைச் சேர்ந்த கடற்பூஞ்சணங்கள் புற்றுநோய்க்கு மருந்து தரக்கூடும் என்று விஞ்ஞானிகள் நம்புகின்றனர். இவ்விஷயத்தில் நமது கடமை யாது?

நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. 1945-ல் சார்தீனியாத் தீவில், சாக்கடை நீர் கடலிற் கலக்குமிடத்தில், புரோட்ஸு என்ற இத்தாலிய அறிஞர் கண்டெடுத்த பூஞ்சணமே செபலோஸ்போரின் மருந்துகளுக்கு மூலம். அவ்வாறே, கடற்பாசியில் வாழும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் ஒன்று தந்த ஹாலிமைடு என்னும் பொருளை மாதிரியாகக் கொண்டு பிளினாபுலின் என்ற மருந்து அமைக்கப்பட்டது. உயிரணு பிளந்து பெருகுவதற்கு வேண்டிய நுண்குழல்களை அது குலைக்கிறது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் பெற்ற வெற்றி வேறு. நோயாளியின் உடலில் பெறும் வெற்றி வேறு. நுரையீரற் புற்றுநோயாளர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைச் சேர்த்து, அவருள் ஒரு சாராருக்கு டோசிடாக்ஸெலுடன் பிளினாபுலினைக் கொடுத்த சோதனையின் விவரம் 2024-ல் பிரசுரமாயிற்று. டோசிடாக்ஸெல் மட்டும் பெற்றோரைவிட இவர்களுக்கு ஆயுள் நீண்டது இடைநிலைக் கணக்கில் ஒரு மாத அளவே. இரத்த வெள்ளணுக் குறைவைத் தடுக்க அதனை உபயோகிக்கும் அனுமதியை 2021-ல் அமெரிக்க அதிகாரிகள் மறுத்தனர். ஆகவே, கிண்ணத்துச் சோதனையைக் காட்டிக் 'கைகண்ட மருந்து' என்று பறையறைவோரை நம்பி, நோயாளிகள் வைத்தியத்தை நிறுத்தலாகாது.

நம்மிடம் சாதனங்கள் இல்லாமலில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தீவுகள் பல இருக்கின்றன. அடையாற்றில் 1954-ல் தோன்றிய புற்றுநோய் நிலையமும், வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. நாம் வேண்டுவது, கடலில் எடுத்த பூஞ்சணம் ரசாயனியின் மேஜையையும், பிராணிச் சோதனையையும், ஆஸ்பத்திரியையும் வரிசையாகச் சென்றடையும்படி இவற்றை இணைக்கும் நிரந்தர ஏற்பாடு. பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சி நூல் அலமாரியில் உறங்குவதால் யாருக்கு என்ன பிரயோசனம்?

நித்தியகல்யாணி கற்பித்த பாடத்தை மறக்கலாமா? அச்செடி நமது வயல்களில் விளைந்து கப்பலேறிற்று. அதிலிருந்து புற்றுநோய் மருந்து கண்ட பெருமையோ கனடாவையும் அமெரிக்காவையும் சார்ந்தது. கடல் விஷயத்திலும் அப்படி நேரலாகாது. 2002-ஆம் வருஷத்து உயிரினப் பன்மைச் சட்டம், லாபத்தில் உள்ளூர் ஜனங்களுக்குப் பங்கு உண்டென்கிறது. அப்பங்கு கரையோரத்து மீனவருக்குக் கிட்ட வேண்டுமாயின், முதலில் மருந்து இங்கே உருவாக வேண்டும். சர்க்கார் பல்லாண்டுக்குப் போதிய பொருளை ஒதுக்கி, பொறுமையுடன் இப்பணியைத் தொடங்குமாறு வற்புறுத்துகிறோம்.