கள்ளனை வெட்டினால் குற்றமா? தற்காப்பு உரிமையும் தற்காப்பு என்ற கதையும்

2025 பெப்ரவரி கடைசியில் ஒரு நாள், பாண்டிருப்பு பிரதான வீதியில் உள்ள ஒரு சலூனில் முடி வெட்டக் காத்திருந்தேன். அந்த வாரம் நாடு முழுவதும் ஒரே பேச்சுத்தான். 19ஆம் திகதி அளுத்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றிருந்தார். அடுத்த சில நாட்களில் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது தொடர்பில் பிடிபட்ட சந்தேகநபர்கள் இருவரும் பொலிஸ் காவலில் இருக்கும்போதே சூடுபட்டு இறந்தார்கள். ஆயுதத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றபோது பொலிஸாரைத் தாக்க முயன்றார்கள், தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்பது பொலிஸ் தரப்பின் விளக்கம்.

கையில் தொலைபேசியோடு இருந்த இளைஞர் ஒருவர், "சுட்டது சரிதான். கோட்டுக்குக் கொண்டுபோய் என்ன கண்டது?" என்றார். இருந்தவர்களில் பலர் தலையாட்டினார்கள். முடி வெட்டிக்கொண்டிருந்த தம்பி மட்டும் கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "காக்கா, நீங்க கோட்டில வேலை செஞ்ச ஆள். ராவையில என்ட ஊட்டுக்குள்ள கள்ளன் வந்து, நான் வெட்டிப்போட்டா, எனக்கு மறியலா இல்லையா?"

நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நீண்ட காலம் கடமையாற்றியவன் நான். இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். ஏனென்றால் அந்தத் தம்பியின் கேள்வியும் அந்த இளைஞரின் தீர்ப்பும் ஒரே சட்டத்தைப் பற்றியவை. அது அவர்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

சட்டக்கோவை சொல்வது

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தனது உடலையும் மற்றவரின் உடலையும், தனது சொத்தையும் மற்றவரின் சொத்தையும் பாதுகாக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு எப்போது நீளும் என்பதை 93ஆம் பிரிவு சொல்கிறது. கொல்லப்படுவோம் அல்லது கொடுங்காயப்படுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் தாக்குதல், பாலியல் வன்புணர்வு நோக்கிலான தாக்குதல், ஆளைக் கடத்திச் செல்லும் நோக்கிலான தாக்குதல் போன்றவை அதில் அடங்கும்.

சொத்துக்கு 96ஆம் பிரிவு. கொள்ளை, இரவில் வீடுடைத்து உட்புகுதல், மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கோ பொருட்கள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல் ஆகியவற்றைத் தடுக்க உயிரிழப்பு வரையிலும் போகலாம். வெறும் களவு என்றால், உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் நியாயமாக எழுந்திருக்க வேண்டும். வளவில் தேங்காய் பொறுக்கியவனை வெட்டிவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

இந்த உரிமைக்கு எல்லையிடுவது 92ஆம் பிரிவு. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதை விடக் கூடுதலான தீங்கு செய்ய எப்போதுமே உரிமை இல்லை. ஆபத்து நீங்கியவுடன் உடலுக்கான தற்காப்பு உரிமையும் நீங்கிவிடும்.

நான் மொழிபெயர்த்த ஒரு வழக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. எதிரி ஒரு விவசாயி. இரவில் வாடிக்குள் நுழைந்தவனைக் கத்தியால் வெட்டியிருந்தார். முதற் காயம் இறந்தவரின் முன்கையில் இருந்தது. அதைப் பற்றி அவரிடம் யாரும் அதிகம் கேட்கவில்லை. இரண்டாவது காயம் முதுகில். "அவர் திரும்பி ஓடும்போது உங்களுக்கு என்ன பயம்?" என்று அரச சட்டத்தரணி கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழில் சொன்னேன். மறுமொழியை மொழிபெயர்க்க எனக்கு வேலை இருக்கவில்லை. அவர் பேசவே இல்லை.

நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டவர், பழிவாங்கும் திட்டம் இல்லாமல் எல்லையை மீறிவிட்டால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கு அவரது குற்றத்தைக் கொலையிலிருந்து ஒரு படி குறைக்கும். தூக்குத் தண்டனையிலிருந்து தப்பலாம், மறியலிலிருந்து தப்ப முடியாது.

இவை நமக்குப் புதியவையும் அல்ல. நமது மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஷாபிஈ மத்ஹப் நூல்களில், வரம்பு மீறித் தாக்க வருபவனைத் தடுப்பது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. சொல்லால் தடுக்க முடிந்தால் கையை ஓங்கக் கூடாது, கையால் முடிந்தால் கம்பை எடுக்கக் கூடாது, கம்பால் முடிந்தால் வாளை எடுக்கக் கூடாது என்ற படிமுறையை உலமாக்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள்.

நிரூபிப்பது யார் பொறுப்பு?

சலூன் தம்பி அறியாத இன்னொன்றும் இருக்கிறது. கொலையைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் பொறுப்பு. ஆனால் "தற்காப்புக்காகவே செய்தேன்" என்று எதிரி சொன்னால், அதை நிரூபிக்கும் சுமையைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு எதிரியின் தோளில் வைக்கிறது. 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாமோ என்ற சந்தேகத்தை எழுப்பினால் மட்டும் போதாது, அப்படி நடந்திருப்பதற்கே அதிக சாத்தியம் என்று காட்ட வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் எதிரிக்கு இந்தச் சுமை இல்லையே என்ற வாதம் ஜயசேன வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1969இல் அங்கும் இலங்கையின் நிலைப்பாடே உறுதியானது.

அதாவது நள்ளிரவில் பிள்ளைகளோடு படுத்திருந்த ஒரு மனிதன், கதவை உடைத்து வந்தவனை வெட்டினால், அவன் கைதாவான். விளக்கமறியலில் கிடப்பான். சட்டத்தரணிக்குக் காணியை ஈடுவைப்பான். மேல் நீதிமன்றத்தில், கூண்டில் நின்று, தனது அச்சம் நியாயமானது என்று நிரூபிப்பான். சட்டம் கடுமையானதுதான். ஆனாலும் இந்தக் கடுமையில் ஒரு நீதி இருப்பதாகவே நான் நினைக்கிறேன். செத்தவனுக்கு வாய் இல்லை. உயிரோடு இருப்பவன் சொல்லும் கதையை யாராவது உரசிப் பார்க்கத்தானே வேண்டும்?

நமது அனுபவம்

தற்காப்பு என்பது நமக்கு வெறும் பாடப்புத்தகச் சொல் அல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் திகனையில் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது, எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் இறந்தார். பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று மக்கள் முறையிட்டார்கள். குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்க வருபவனைத் தடுக்கும் உரிமை 96ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. கும்பல் சூழ்ந்து கொல்ல வரும் நிலையைப் பற்றி 99ஆம் பிரிவு தனியாகவே பேசுகிறது.

அதே சட்டம் மறுநாள் காலையில் பதிலுக்கு இன்னொருவரின் கடையைக் கொளுத்தும் உரிமையைத் தரவில்லை. அந்த எல்லை மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கரையோரம் 1990இல் பார்த்தது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் அதே கொடுமை நடந்தது. முஸ்லிம் கிராமங்களைக் காக்கவென்று ஊர்காவல் படைக்குத் துப்பாக்கி கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டபோது, படையினர் மீது மட்டுமல்ல, ஊர்காவல் படையினர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. ஊரைக் காக்கக் கொடுத்த ஆயுதம் அடைக்கலம் தேடியவர்களை நோக்கித் திரும்பினால் அதற்குத் தற்காப்பு என்று பெயரில்லை. நமது இழப்பைப் பேசும்போது இதையும் பேசும் நேர்மை நமக்கு வேண்டும். பாண்டிருப்பு சலூனில் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு கதையும் தெரியும்.

சீருடைக்கும் அதே சட்டம்

இனி அந்த இளைஞரின் தீர்ப்புக்கு வருகிறேன். பொலிஸாருக்கென்று தனியான தற்காப்புச் சட்டம் எதுவும் இல்லை. சலூன் தம்பிக்குரிய அதே 93ஆம் பிரிவும் அதே 92ஆம் பிரிவும்தான் அவர்களுக்கும். தேவையை விடக் கூடுதலான தீங்கு செய்ய அவர்களுக்கும் உரிமை இல்லை.

எல்லாத் துப்பாக்கிச் சூடும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் கேட்ட சத்தங்களை நாம் மறக்கவில்லை. அன்று உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள், குண்டை வெடிக்க வைத்தார்கள், பிள்ளைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். அங்கே படையினருக்கு இருந்த ஆபத்தை யாரும் கற்பனை என்று சொல்ல முடியாது.

காவலில் இருப்பவரின் கதை வேறு. 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி மாளிகாவத்தையில் மாக்கந்துரே மதூஷ் இறந்தார், போதைப்பொருளைக் காட்ட அழைத்துச் சென்றபோது என்றார்கள். 2021 மே மாதம் 'ஊரு ஜுவா' எனப்படுபவரும், இரண்டு நாட்களின் பின் கொஸ்கொட தாரகவும் இறந்தார்கள். தாரகவின் உயிருக்கு ஆபத்து என்று சட்டத்தரணிகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். 2025இல் கொட்டாஞ்சேனை. ஆளும் இடமும் மாறுகின்றன, கதை மாறவில்லை: ஆயுதம் காட்டக் கூட்டிச் சென்றோம், தாக்கினான், சுட்டோம்.

வாடியில் இருந்த விவசாயியிடம் கேட்ட கேள்விகளை இங்கே யார் கேட்டார்கள்? அவருக்குக் கைவிலங்கு போட்டிருந்ததா? அத்தனை பேர் காவலுக்கு நிற்க, ஆயுதம் எப்படி அவர் கைக்கு எட்டியது? காலில் சுட முடியாத தூரமா? சூடு முன்பக்கமா, முதுகிலா? காவலில் ஒருவர் இறந்தால் நீதவான் மரண விசாரணை நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எனது கடமைக்காலத்தில், காவலில் இருந்தவரைச் சுட்டுவிட்டுத் தற்காப்பை நிரூபிக்கக் கூண்டில் ஏறிய ஒரு பொலிஸ் அதிகாரியை நான் கண்டதில்லை. விவசாயி தனது கதையை நிரூபிக்க வேண்டும். அதிகாரியின் கதையோ ஊடக அறிக்கையாக வந்து, அதோடு முடிந்துவிடுகிறது.

ஹைதராபாத் தரும் பாடம்

2019 டிசம்பர் 6ஆம் திகதி ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரை வன்புணர்ந்து கொன்றதாகப் பிடிபட்ட நால்வரை அதிகாலையில் சம்பவ இடத்துக்கு அழைத்துச் சென்ற பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். மக்கள் பொலிஸாருக்குப் பூத்தூவினார்கள். இந்திய உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதியரசர் சிர்புர்கர் தலைமையில் ஓர் ஆணையத்தை நியமித்தது. 2022இல் வெளியான அதன் அறிக்கை, பொலிஸாரின் கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று சொன்னது. 10 பொலிஸார் மீது கொலை வழக்குத் தொடரப் பரிந்துரைத்தது. இறந்த நால்வரில் மூவர் 18 வயதைத் தாண்டாதவர்கள் என்றும் கண்டது. அவர்கள்தான் குற்றவாளிகளா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்க்கவில்லை, இனித் தீர்க்கவும் முடியாது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய தீர்ப்பையும் அந்தக் காலைப்பொழுது சேர்த்தே பறித்துவிட்டது.

இலங்கையிலும் வழி இல்லாமல் இல்லை. காவலில் நேர்ந்த ஒரு மரணம் தொடர்பான சிறியானி சில்வா வழக்கில், வாழும் உரிமை அரசியலமைப்பில் உள்ளார்ந்து இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவும் 2025இல் இத்தகைய மரணங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டல்களைப் பொலிஸாருக்கு வெளியிட்டது. இவை கோப்புகளில் கிடக்காமல் இருக்க மூன்று விடயங்கள் நடக்க வேண்டும். சந்தேகநபரை ஆயுதம் காட்ட அழைத்துச் செல்வது முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். சூடு நடந்தால், சுட்ட பொலிஸ் நிலையத்தோடு தொடர்பில்லாத பிரிவு விசாரிக்க வேண்டும். தற்காப்பு என்ற வாதம் உண்மையா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.

போதைப்பொருளும் துப்பாக்கியும் நமது ஊர்களையும் சீரழிக்கின்றன. அந்த இளைஞரின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் நமது பிள்ளைகள் எத்தனை பேர் வெறும் சந்தேகத்தில் பிடிபட்டு, மாதக்கணக்கில் உள்ளே இருந்து, பின்னர் ஒன்றுமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள்? அவர்கள் வீடு திரும்பியது நீதிமன்றம் என்று ஒன்று இருந்ததால். அவர்களில் ஒருவரை இரவில் ஆயுதம் காட்டக் கூட்டிப் போயிருந்தால், மறுநாள் செய்தியில் அவர் பயங்கரவாதி. திருத்தி எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அன்று முடி வெட்டி முடிந்ததும் அந்தத் தம்பிக்குச் சுருக்கமாகச் சொன்னேன்: "உன்ட உசிருக்குப் பயந்து வெட்டினா சட்டம் உன்ட பக்கம். ஆனா அத நீதான் கோட்டில வந்து சொல்லோணும்." அவர் துணியை உதறிக்கொண்டே கேட்டார்: "அப்ப அவங்களும் வந்து சொல்லத்தானே வேணும், காக்கா?"

நான் சொல்ல வந்ததும் அதுதான்.