உழைக்காமலா விழுந்தாள்?

போன வாரம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் வண்டி ஏறினேன். மண்ணச்சநல்லூர் வருவதற்குள் பக்கத்து இருக்கைப் பெரியவர் தொடங்கிவிட்டார்: "உழைக்கிறவன் முன்னுக்கு வந்துடுவான் தம்பி. இன்னும் ஏழையா இருக்கான்னா அவன் சோம்பேறி." முன்சீட்டில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாண வீடு, பள்ளி ஆண்டு விழா என்று போகிற இடமெல்லாம் இதே பேச்சு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, ஆறு மணிக்கு வெங்காயக் காட்டில் களையெடுக்க நிற்பாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் முன்பு ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துச் சின்ன வெங்காயம் போட்டார்கள். இரண்டு போகம் கைகொடுத்தது. கூரையைப் பிரித்து ஓடு போட்டார்கள், பையனை பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். மூன்றாம் போகத்தில் திருகல் நோய் வந்து பயிர் படுத்தது. அதே வருடம் அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை உதவியது. அதற்கு முன்னும் பின்னும் ஆன ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் வண்டி வாடகைக்கும், போன கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை. ஆடுகள் விற்றுப்போயின. பையன் படிப்பை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். தோடு அடகுக் கடைக்குப் போய், அவள் காதில் இன்று வேப்பங்குச்சி இருக்கிறது. இதில் எந்த நாள் அவள் சோம்பேறியாக இருந்தாள்?

பெரியவரிடம் அவர் கதையைக் கேட்டேன். அப்பா திருவெறும்பூர் பெல் ஆலைத் தொழிலாளியாம். 1965-இல் உற்பத்தி தொடங்கிய அரசு ஆலை. மாதச் சம்பளம், கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோய்க்கு ஆஸ்பத்திரி, கடைசியில் பி.எஃப். அவர் அப்பா உழைத்தார், மறுக்கவில்லை. அந்த உழைப்புக்குக் கீழே அரசாங்கம் ஓர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்காவின் ஏணியை யார் பிடித்தார்கள்?

அடித்தட்டுக் குடும்பமொன்று சராசரி வருமானத்தைத் தொட இந்தியாவில் 7 தலைமுறை ஆகும், டென்மார்க்கில் 2 போதும் என்று ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. டென்மார்க்காரன் என்ன, அக்காவைவிட மூன்று மடங்கு களையெடுக்கிறானா? ராஜஸ்தான், குஜராத், ஆந்திரக் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்த ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணாவும், குடும்பங்களை வறுமையில் தள்ளுவதில் நோயும் மருத்துவச் செலவுமே முதலில் நிற்கின்றன என்றுதான் எழுதினார். சோம்பல் என்று அல்ல.

கோச்சிங் சென்டர் ஃபிளெக்ஸில் சிரிக்கும் பிள்ளைகளைக் காட்டி 'திறமை' என்கிறார்களே, அதுவும் இதே பொய்தான். அந்தக் கட்டணத்தைக் கட்ட அப்பன் இருந்ததும் திறமையில் சேர்த்தியா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்க 2020-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் படிக்கவே இல்லையா? அந்த ஒதுக்கீட்டையும் 'சலுகை' என்று முகம் சுளிப்பவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு.

புலிவலம் தாண்டியதும் பெரியவர் தூங்கிவிட்டார். நான் வீடு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலில் குழுக் கடன் வசூலிக்கும் பெண் நின்றிருந்தாள். வாரத் தவணைக்கு நூறு ரூபாய் குறைகிறது என்று அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கை நகமெல்லாம் வெங்காயக் காட்டு மண்.