எம் கையிலுள்ள முழக்கோல்

மனிதன் தன்னை அளப்பதற்கு ஒரு கோலையும் பிறரை அளப்பதற்கு வேறொரு கோலையும் வைத்திருக்கிறான். தன் பிழைக்குச் சூழ்நிலையைக் காரணம் காட்டுவான். பிறர் பிழைக்கு அவர்களது குணத்தைக் காரணமாக்குவான். நான் பிந்தி வந்தால் வீதியில் நெரிசல். மற்றவர் பிந்தி வந்தால் அவருக்கு ஒழுங்கில்லை. இது உலகப் பொதுவான குறைதான். ஆயினும், பிறரது தீர்ப்பினாலேயே நாடிழந்து வந்த எம்மிடம் இக்குறை இருப்பது வருந்தத்தக்கது.

இதனை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. குற்றவாளிகளின் வரிசையில் நானும் நிற்கிறேன்.

சில காலத்திற்கு முன் கிரவீனில் ஒரு பிறந்தநாள் விருந்து. நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருப்பதாகவும், பையன் 2012ஆம் ஆண்டு படகில் வந்தவர் என்றும், இன்னும் தற்காலிக விசாவிலேயே இருக்கிறார் என்றும் கூறினார். "அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். நான் சற்றும் தாமதிக்கவில்லை. "படகில வந்த ஆக்கள் எப்பிடிப்பட்டவையோ, யோசிச்சுச் செய்யுங்கோ" என்றேன். அந்த இளைஞரை நான் ஒருமுறையேனும் கண்டதில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் 1986இல் விமானத்தில் வந்தேன். மாணவன் என்று கூறி வந்திறங்கினேன். ஆனால் படிக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. உயிர் தப்ப வேறு வழியில்லை என்று சொல்லி என்னை நானே எப்போதோ மன்னித்துவிட்டேன். எனக்கு வழங்கிய அந்த மன்னிப்பை அவருக்கு வழங்க ஏன் மறுத்தேன்? அவரும் உயிர் தப்பத்தானே கடலில் இறங்கினார்?

விசாவைப் பற்றி ஒரு தகப்பன் கவலைப்படுவது நியாயமே. 2023 பெப்ரவரியில் ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்திற்கு வழி திறக்கப்பட்டது. முன்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்குள் அடங்கவில்லை. நாளை என்ன நடக்கும் என்று அறியாத ஒருவருக்கு மகளைக் கொடுக்கத் தயங்குவதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் நான் பேசியது அவரது விசாவைப் பற்றியல்ல, அவரது குணத்தைப் பற்றி. அரசாங்கம் கொடுக்காத ஒரு தாளைக் கொண்டு மனிதனின் தரத்தை அளந்தேன்.

இந்த நாட்டின் வரலாற்றில் இத்தகைய அளவுகோல் ஒன்று இருந்தது. 1901ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி, வந்திறங்குபவரை ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதும்படி கேட்கலாம். எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். 1934இல் பிராக் நகரத்து எழுத்தாளர் ஈகொன் கிஷ் வந்தபோது, அவர் பல மொழிகள் அறிந்தவர் என்பதால் ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுப் பரீட்சையைப் பின்னர் தேடினார்கள். மேல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆயினும் 1958 வரை அப்பரீட்சை சட்டத்தில் இருந்தது.

நாம் நடத்தும் பரீட்சைகள் மாத்திரம் வேறா? "ஊரில எந்த இடம்?" என்று புன்னகையோடு கேட்கிறோம். அக்கேள்விக்குள் சாதி மறைந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அடுத்து, எப்போது வந்தீர், எப்படி வந்தீர் என்கிறோம். அதற்கடுத்து, பிள்ளை எந்தப் பாடசாலை என்கிறோம். கிரவீன் உயர்தரப் பாடசாலைக்குத் தெரிவுப் பரீட்சை மூலம் நுழைந்த பிள்ளையின் தாய் தலை நிமிர்ந்து நடக்கிறாள். இடம் கிடைக்காத பிள்ளையின் தாய் கோயிலிலும் எம் கண்களைத் தவிர்க்கிறாள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு காலைப் பொழுதைக் கொண்டு ஒரு குடும்பத்தையே அளந்துவிடுகிறோம்.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் இந்நாட்டில் கண்டோம். குயின்ஸ்லாந்தின் பிலோயீலா என்னும் சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச் மாதத்து விடியற்காலையில் அதிகாரிகள் கொண்டு சென்றனர். மெல்பேர்ண் தடுப்பு முகாம், பின்னர் கிறிஸ்மஸ் தீவு என ஆண்டுகள் கழிந்தன. எம்மவரிற் பலர் அவர்களுக்காக உழைத்தனர். ஆயினும் முதலில் குரல் எழுப்பி, இறுதிவரை ஓயாதிருந்தவர்கள் அவ்வூர் வெள்ளையர்களே. 2022 ஜூனில் அக்குடும்பம் ஊர் திரும்பியது. ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

அவ்வூரவர் எம்மிலும் மேலான மனிதர்கள் என்பதா இதன் பொருள்? அப்படி நான் கருதவில்லை. அவர்கள் அக்குடும்பத்தை முதலில் அயலவராக அறிந்தார்கள். தந்தை இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்று அறிந்தார்கள். படகும் விசாவும் அவர்கள் செவிக்கு எட்டியது அதன் பின்னரே. நாமோ படகை முதலில் விசாரிக்கிறோம். விசாரித்த பின் மனிதனைக் காணவேண்டிய தேவையே எமக்கு இருப்பதில்லை.

பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் காண முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கு உண்டோ என்று வள்ளுவர் கேட்டதை நாம் சிறுவயதில் மனனம் செய்து புள்ளி வாங்கியிருக்கிறோம். அதற்குமேல் அக்குறளுக்கு வேலை கொடுத்தோமா?

இரண்டு வாரங்களின் பின் நண்பரைத் தேடிச் சென்று, நான் அறியாமற் சொன்னதை மீளப் பெறுவதாகக் கூறினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதை அண்டைக்கே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டம், அண்ணை" என்றார். அந்த இளைஞருக்கு எந்தக் காரணம் சொல்லப்பட்டதென்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

கிரவீன் என்பது இம்மண்ணின் ஆதிக்குடிகளது சொல். மலர்கள் உள்ள இடம் என்று பொருள். அப்பெயரை இட்டவர்களின் மண்ணில், பிந்தி வந்த நாம், எமக்கும் பிந்தி வந்தவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறோம். அடுத்தமுறை புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது, எப்படி வந்தீர் என்று கேட்குமுன் சாப்பிட்டீரா என்று கேட்போம். எம் ஊரில் முன்பு அப்படித்தான் கேட்டார்கள்.