விருந்தாளி யார்?

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுத் தெரு ஒன்றில், விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பெரிய மாளிகைக்கு நண்பர் ஒருவர் நம்மை அழைத்துச் சென்றார். உயர்ந்த தூண்கள், நடுவே திறந்த முற்றம், முற்றத்தின் மூலையில் ஒரு வயதான மரமல்லி. அங்கே அன்றிரவு விருந்தும் டாங்கோ நடனமும் இருந்தன. அதற்கு நண்பர் கொடுத்த தொகையை இங்கே எழுதினால் காணையில் உள்ள நம் உறவினர்கள் நம்மோடு பேசுவதை நிறுத்திவிடக்கூடும். ஆகவே எழுதவில்லை.

நடனம் நன்றாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓர் ஆண், ஒரு பெண், பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து பாண்டோனியன் வாசித்த ஒருவர். அவ்வளவுதான் குழு. அந்த வாத்தியம் துருத்தி போல் விரிந்து சுருங்கும்போது எழும் ஓசையில் நமக்குப் பழக்கமான ஏதோ ஒன்று இருந்தது. அது ஆர்மோனியத்தின் உறவுக்காரர் என்பது சற்று நேரம் கழித்தே உறைத்தது. ஆர்மோனியத்திற்குப் பாரிசில் 1842இல் காப்புரிமை பெறப்பட்டது. பாண்டோனியன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் பிறந்தது. இரண்டும் கப்பலேறி, ஒன்று நம் கூத்து மேடைக்கும் மற்றொன்று பியூனஸ் அயர்சின் துறைமுகச் சேரிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. பிறந்த ஊரை மறந்து, புகுந்த ஊரின் துயரத்தைத் தமதாக்கிக்கொண்டன.

ஆனால் நடனத்தைப் பார்த்தவர்கள் குறைவு. கரண்டிகள் தட்டில் உரசிக்கொண்டிருந்தன. மூன்றாம் சுற்று உணவு வந்தபோது பரிமாறுபவர் நடனமாடுபவர்களுக்கும் நமக்கும் இடையே நின்று மீனைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். இடைவேளையில் கை கழுவப் போனோம். சமையலறைப் பக்கம் பாதி திறந்திருந்த கதவின் பின்னால் அந்த நடனப் பெண் நின்றுகொண்டே ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து ரொட்டித் துண்டு ஒன்றை அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் சிரித்தார். நாமும் சிரித்தோம். திரும்பி வந்து அமர்ந்தபோது நம் தட்டில் பாதி மீன் மிச்சமிருந்தது. அதை உண்ண முடியவில்லை.

அந்த ஒரு காட்சிக்காக அந்த மாலை முழுவதையும் பழிப்பது நியாயமன்று. டாங்கோவே ஏழைகளின் வீட்டுப் பிள்ளைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும், பியூனஸ் அயர்சிலும் மொந்தெவிதேயோவிலும், ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஆப்பிரிக்க வழியினரும் மண்ணின் மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் அது உருவாயிற்று. உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்பு பாரிஸ் அதைக் கொண்டாடியது. பாரிஸ் கொண்டாடிய பின்பு சொந்த ஊரின் பெரிய வீடுகளும் கதவைத் திறந்தன. 2009இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த வரிசை நமக்குப் புதிதன்று. சதிர் பரதமான கதையை அறிந்தவர்கள் இதையும் அறிவார்கள்.

இன்று பியூனஸ் அயர்சில் பழைய கட்டடங்களில் விருந்தோடு டாங்கோ காட்டும் அரங்குகள் பல உள்ளன. சான் தெல்மோ பகுதியில் பாடகர் எத்முந்தோ ரிவேரோ 1969இல் தொடங்கிய 'எல் வியெகோ அல்மசேன்' அவற்றுள் பெயர்பெற்றது. 1858இல் தொடங்கப்பட்ட தொர்த்தோனி காபிக் கடையிலும் டாங்கோ நிகழ்ச்சி உண்டு. ஆனால் அந்நகரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதன் பெயர் மிலோங்கா. அங்கே யாரும் யாருக்கும் ஆடிக் காட்டுவதில்லை. வேலை முடித்து வந்த கிழவர்களும் இளம்பெண்களும் தாமே ஆடிவிட்டுப் போகிறார்கள். விருந்து அரங்கு பயணிகளுக்கு, மிலோங்கா ஊருக்கு. முன்னது பணம் ஈட்டுகிறது. பின்னது உயிரைக் காக்கிறது. பின்னது அழிந்து முன்னது மட்டும் எஞ்சினால் டாங்கோ அருங்காட்சியகப் பொருளாகிவிடும்.

இந்த எண்ணத்தோடுதான் சித்திரையில் காணைக்கு அருகே ஒரு சிற்றூரில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்குப் போனோம். விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதேனும் ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரமேற்றம், கடைசி நாள் காலை மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், மாலையில் தீமிதி. இந்த ஒழுங்கைப் பல அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். செஞ்சி மேலச்சேரிக் கோயிலை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூல் உலகெங்கும் படிக்கப்படுகிறது. நம் கல்லூரி நூலகங்களில் அதைத் தேடாதீர்கள்.

நாம் போனபோது அந்தி மயங்கும் நேரம். கூத்துக் குழு வேனிலிருந்து இறங்கியிருந்தது. கட்டைகள், அதாவது கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும், துணி மூட்டைகளில் கட்டப்பட்டு வேப்பமரத்தடியில் கிடந்தன. நாம் எதிர்பார்த்தது ஒப்பனையை. நடந்தது சாப்பாடு. கோயிலுக்குப் பின்னால் பாய் விரித்து, இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் பரிமாறினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு இலைக்கு இலை நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, ராத்திரி பூரா ஆடணும் இல்ல" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் தத்தம் வீட்டில் உண்டுவிட்டுப் பாயும் போர்வையுமாக வரத்தொடங்கினார்கள். கலைஞர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் அவசரப்படவில்லை. பிறகுதான் கண்ணாடியும் அரிதாரமும்.

நமக்குச் சட்டென்று சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. அது இந்த மண்ணின் நூல். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியது. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனப் பகுதி. அவனுடைய கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கிறது. பாணனின் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்ற நாணத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். அந்தக் குடும்பம் நல்லியக்கோடனை நோக்கி நடக்கிறது. வழியில் பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருகிறார்கள். வேலூரில் எயினப் பெண்கள் புளிங்கறிச் சோறு தருகிறார்கள். ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கின்றன. இறுதியில் மன்னன், பீமனின் மடைநூல் பிறழாமல் ஆக்கிய உணவைப் பொற்கலத்தில் இட்டு, தானே பக்கத்தில் நின்று ஊட்டுகிறான்.

விருந்தும் கலையும் ஓரிடத்தில் சந்திப்பது நமக்குப் புதிதே அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான். அங்கே விருந்தாளி பாணன். இங்கே, புதுச்சேரி மாளிகையில், விருந்தாளி நாம். கலை அங்கே விருந்துக்குக் காரணம். இங்கே விருந்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கூட்டு. காணைப் பக்கத்து ஊரின் அந்தப் பெரியவர் சிறுபாணாற்றுப்படையைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் வாளியோடு நின்ற நிலையில் நல்லியக்கோடன் இருந்தான்.

நள்ளிரவு தாண்டிய ஓர் இடைவேளையில் கூத்து வாத்தியாரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவரும் வாத்தியார், நாமும் வாத்தியார் என்பதால் பேச்சு எளிதாக அமைந்தது. நாம் மாளிகை விருந்தைப் பற்றிச் சொன்னதும் அவர் தம் அனுபவத்தைச் சொன்னார். கடற்கரை விடுதி ஒன்றில் முக்கால் மணி நேரக் கூத்துக்கு அழைத்திருக்கிறார்கள். ஆட்டத்திற்கு முன்பு வாசலில் நின்று விருந்தினரை வரவேற்க வேண்டுமாம்.

"துரியோதனன் வேஷம் கட்டிக்கினு வாசல்ல நின்னு, வரவங்களுக்கெல்லாம் கும்பிடு போடச் சொன்னாங்க சார். வணங்காமுடி சார் அவன்! எப்படி கும்பிடுவான்? நான் கும்பிட்டேன். கிரீடத்த மட்டும் கழட்டி வெச்சிட்டு கும்பிட்டேன்."

நாம் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தோம். அவர் கையமர்த்தினார். "காசு சரியா குடுத்தாங்க. அதையும் சொல்லணும். இங்க விடிய விடிய ஆடினா கெடைக்கறத விட அதிகம்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கிய வட்டத்தில் நாம் வழக்கமாக முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வணிகமயம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடுவோம். கலைக்கு விலை கேட்பது இழிவு என்றால், சிலம்பில் மாதவியின் மாலை 1008 கழஞ்சு பொன் விலையோடு செல்வர் தெருவில் நின்றதே, அதை என்னவென்பது? பணம் வருவதல்ல பிழை. பணம் கொடுப்பவன் கலைஞனை எங்கே நிறுத்துகிறான் என்பதுதான் கேள்வி.

கூத்தைச் சுருக்குவதும் தன்னளவில் பிழையன்று. புரிசைக் குழு காப்ரியேல் கார்சியா மார்க்வெசின் சிறகு முளைத்த கிழவனைப் பற்றிய சிறுகதையைக் கூத்தாக்கியது. லத்தீன் அமெரிக்கக் கதை கட்டியங்காரன் வாயால் தமிழ் பேசியது. அக்குழுவை நடத்தும் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் கூத்தைக் கற்பித்தது. இவையெல்லாம் மாற்றங்கள்தாம். ஆனால் எதைக் குறைப்பது, எதைச் சேர்ப்பது என்பதைக் கலைஞர்களே முடிவு செய்த மாற்றங்கள். விடுதி மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்தவை அல்ல.

ஊர்க் கூத்தைப் பொற்காலமாக எழுதிவிட்டு எழுந்து போகவும் நமக்கு மனம் ஒப்பவில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த பூசலால் 2023 ஜூனில் அந்தக் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறக்கப்பட்டது. சபையில் நீதி கேட்டுக் கதறியவளின் கோயிலில் இப்படி நடந்தது. மாளிகை வாசலில் கட்டணச் சீட்டு என்றால், ஊர் வாசலில் சாதி. முன்னதைப் பற்றி மட்டும் கோபப்படுகிறவர்கள் தம் கோபத்தைச் சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். "யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று கூத்தைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம், எந்தப் பாயில், எவ்வளவு தள்ளி என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. திண்ணையிலிருந்து கூத்து பார்த்தவன் எழுதும் ஏக்கத்தை, தெருமுனையில் நின்று பார்த்தவனின் பிள்ளை பகிர்ந்துகொள்ள மாட்டான். அது அவனுடைய குறையும் அன்று.

ஆகவே நம் தரப்பு இதுதான். விடுதிகளில் கூத்து நடக்கட்டும், நிறையவே நடக்கட்டும். ஆனால் கலைஞர்களுக்கு முதல் பந்தி வேண்டும். வந்திருப்போர் உண்ணும்போது ஆட்டம் வேண்டாம். உண்டு முடித்தபின் ஆடலாம், அல்லது ஆடி முடித்தபின் உண்ணலாம். வேடம் கட்டியவரை வாசற்காவலுக்கு நிறுத்தக் கூடாது. இவற்றைச் செய்ய அரசாணை தேவையில்லை. அழைக்கிற நண்பரிடம் நாம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். அன்று மாசி மாத இரவில் நாம் அதைக் கேட்கவில்லை. சிரித்துவிட்டு வந்து அமர்ந்தோம்.

அடுத்தது ஊர் இரவு. அதுதான் நம் மிலோங்கா. அதைக் காப்பாற்ற நிதி திரட்டுவதற்கு முன்பு போய் உட்கார வேண்டும். சிற்றிதழ் படிக்கும் நாம் கூத்தைப் பற்றிக் கட்டுரைகள் படித்த அளவுக்குக் கூத்து பார்த்திருக்கிறோமா? தமிழ் முதுகலை வகுப்பில் அரங்கேற்றுகாதையின் மேடை அளவுகளை, அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல் என்று ஆண்டுதோறும் ஒப்பிக்க வைக்கிறோம். பத்துக் கல் தொலைவில் நடக்கும் ஆட்டத்திற்கு மாணவர்களை ஓர் இரவு அழைத்துப்போனதில்லை. இந்தக் குற்றச்சாட்டு முதலில் நமக்கே உரியது.

விடிந்தபோது துச்சாதனன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். திரௌபதி வேடம் கட்டியவர் அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு பீடி பற்றவைத்தார். வாத்தியார் தேங்காயெண்ணெய் தடவிய கையோடு நம்மைப் பார்த்து, "சார், சாப்ட்டுட்டுதான் போணும். இட்லி வருது" என்றார். ஊர் அவர்களுக்குப் போட்ட பந்தியில் நமக்கும் ஓர் இலை விழுந்தது. இடம் நெருக்கமாக இருந்ததால் துரியோதனன் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.