இசைக்கு அரசியல் இல்லையாம்!

1939 ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு. அம்ஸ்ரர்டாம் கொன்செர்ட்கெபவ் மண்டபத்தில் வில்லெம் மெங்கெல்பேர்க் நடத்திய பாஹின் 'மத்தேயு பாடுகள்' பதிவாகியது. பெரிய வாத்தியக் குழு, பெரிய பாடகர் குழு, சிறுவர் குழு. பல பாடல்களை வெட்டியிருக்கிறார், வேகத்தை மனம்போன போக்கில் இழுத்திருக்கிறார். பாஹ் காலத்து வழக்கம் தெரிந்தவர்கள் தலையில் கைவைப்பார்கள். ஆனாலும் பேதுரு மறுதலித்த பிறகு வயலினோடு எழுகிற அந்தப் பெண் குரலைக் கேட்டுப் பாருங்கோ, தொண்டை அடைக்கும்.

எங்கட சண்டை பதிவோடு இல்லை. அதைக் கொண்டாடுகிறவர்கள் கூடவே ஓதுகிற "இசை அரசியலுக்கு அப்பாற்பட்டது" என்ற மந்திரத்தோடுதான்.

1940 மே மாதம் நாஜிப் படை நெதர்லாந்தைப் பிடித்தது. 1941 இல் இதே வாத்தியக் குழுவின் யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1895 இலிருந்து அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மெங்கெல்பேர்க் ஆக்கிரமிப்பின் கீழும் நடத்தினார், ஜேர்மனிக்கும் போய் நடத்தினார். யூதராகப் பிறந்த மாலரின் இசையை ஒரு காலத்தில் ஊரறியச் செய்த அதே மனிசன்! சில யூதர்களுக்காகப் பரிந்து பேசினாராம். பேசியிருக்கலாம், கோலைக் கீழே வைக்கவில்லையே. 1945 இல் வாழ்நாள் தடை. 1947 இல் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. தடை முடிகிற 1951 இலேயே சுவிற்சர்லாந்தில் இறந்துபோனார்.

"பாவம், அரசியல் தெரியாத கலைஞர்" என்கிறார்கள். எந்தப் படைப்பை வைத்துக்கொண்டு இந்தக் கதை?

காட்டிக்கொடுக்கப் போவது நானா என்று சீடர்கள் கேட்கிற இடத்தில் பாஹ் அந்தக் கேள்வியைப் பதினொரு முறை வைக்கிறார். யூதாஸைத் தவிர்த்த பதினொரு பேர். உடனே வருகிற சபைப்பாடலில் பாடகர் குழு குற்றத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறது. பிறகு பிலாத்து யாரை விடுதலை செய்ய என்று கேட்கும்போது 'பரபாஸ்' என்று கத்துவதும் பாடகர் குழுதான். அழுகிற வாயும் கொலைக்குக் கத்துகிற வாயும் ஒன்று. அதிகாரத்துக்கு முன்னால் சனம் என்ன செய்யும் என்பதைத்தான் இந்தப் படைப்பு மணிக்கணக்காகச் சொல்கிறது. இதையே கேடயமாக்கி நடத்துநரைக் காப்பாற்றுவது பாஹைக் கேட்காமலே பாஹைக் கும்பிடுகிற வேலை.

பதிவைத் தடைசெய்யச் சொல்லவில்லை. நாங்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஆனால் அறிமுகம் எழுதுகிறவர்களே, 1939 என்று பெரிதாகப் போடுகிறீர்கள். பக்கத்தில் 1941 ஐயும் போடுங்கோ.