கணக்கு முடிகிறது, சாவு முடியவில்லை!

மார்ச் மாதம் பிறந்தால் சர்க்கார் ஆபீசுகளுக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. ஆண்டு ஒதுக்கீட்டை 31-ந் தேதிக்குள் செலவழித்தாக வேண்டும், இல்லையேல் காலாவதி. சாலைப் பாதுகாப்புக்கென்று வரும் ஒதுக்கீட்டுக்கும் இதே விதிதான். பில்லை எழுது, கையெழுத்தைப் போடு, கணக்கை மூடு!

இது நமது கற்பனையல்ல. நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய சர்க்காரின் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளே கூறுகின்றன. வியாதி இல்லாமலா மருந்து எழுதினார்கள்?

இந்தப் பணம் யாருடையது? போக்குவரத்து அபராதத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மாநிலங்கள் சாலைப் பாதுகாப்பு நிதி அமைக்க வேண்டுமென்று 2017 நவம்பர் 30-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 1000 ரூபாயாக ஏறிற்று. நடவுக்குப் போகும் தொழிலாளிக்கு அது எத்தனை நாள் கூலி? கூலியிலிருந்து பிடுங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

2022-ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள்!

நாகூரைப் பாருங்கள். 32-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே போகிறது. கந்தூரிக்கு ஊர் கொள்ளாத கூட்டம். செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மக்கள் சாரிசாரியாக நடந்தே செல்கிறார்கள். விடியுமுன் வயலுக்குப் போகும் பெண்கள், இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளி – எல்லோருக்கும் சாலை ஓரம்தான் கதி. போதிய களம் இல்லாததால் டெல்டாவில் நெல்லும் சாலையில்தான் காய்கிறது.

"ஜனங்களுக்கு ஒழுங்கில்லை" என்று உபதேசம் செய்கிறார்கள். ஒதுங்க இடமே இல்லாத சாலையில் எங்கே ஒதுங்குவது? திருவிழாவுக்கு முன் எரிய வேண்டிய விளக்குக்கு மார்ச்சில் பில் போட்டு என்ன பயன்? ஆடியில் விதைக்க வேண்டியதைப் பங்குனியில் விதைத்தால் விளையுமா?

தோழர்களே! ஏப்ரலிலேயே வேலை தொடங்கட்டும். மிஞ்சிய பணம் காலாவதியாகாமல் மறு ஆண்டும் அதே வேலைக்கே நிற்கட்டும். எவ்வளவு வந்தது, எங்கே நடைபாதை, எங்கே விளக்கு, மிச்சம் எவ்வளவு என்று மக்கள் முன் வைக்கட்டும். மே 1-ல் கிராம சபை கூடுகிறது. நாகூர் நாகப்பட்டினம் நகராட்சியைச் சேர்ந்தது. இங்கே பகுதி சபை இருக்கிறது. மார்ச் 31-ல் அவர்கள் மூடிய கணக்கை மே தினத்தில் நாம் திறப்போம்!